ஓர் ஐரிஷ் ரீலின் பூர்வோத்தரம்

அயர்லாந்து தேசத்துக் கிராமிய சங்கீதத்தில் பயிற்சி உடையவர்கள் எந்த ஊரில் கூடினாலும், பிடிலும் புல்லாங்குழலும் கான்செர்ட்டினாவும் சேர்ந்து ஒலிக்கும் அந்தக் கூட்டங்களில் மிகுதியாக வாசிக்கப்படுவது ரீல் என்னும் நடன மெட்டு வகையேயாகும். ஆயிரக்கணக்கில் வழங்கும் அந்த ரீல்களில் ‘ரேக்கிஷ் பாடி’ என்று பெயர் பெற்ற ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு, அது எங்கே பிறந்தது, எவரெவர் கைகளில் வளர்ந்தது, அதை ஐரிஷ் மெட்டு என்று சொல்வதற்கு என்ன நியாயம் உண்டு என்பவற்றை விசாரிக்க விரும்புகிறேன். இந்த ஒரு மெட்டின் சரித்திரத்தைத் தெரிந்துகொண்டால், அத்தேசத்துச் சங்கீதம் முழுவதும் எவ்வாறு உருவாயிற்று என்பதை வாசகர்கள் ஒருவாறு ஊகித்துக்கொள்ளலாம்.

ரீல் என்பது ஆடுவதற்கென்று ஏற்பட்ட மெட்டு. இடைவிடாமல் ஓடும் துரித சுரங்கள் எட்டு ஓர் ஆவர்த்தத்தை நிரப்ப, அந்த ஆவர்த்தத்துக்கு அழுத்தமான அடிகள் இரண்டு விழ, அத்தகைய ஆவர்த்தங்கள் எட்டுக் கொண்ட முதற்பாகமும், பெரும்பாலும் மேல் ஸ்தாயியில் சஞ்சரிக்கும் மற்றோர் எட்டு ஆவர்த்தங்கள் கொண்ட இரண்டாம் பாகமும் சேர்ந்து ஒரு ரீல் ஆகிறது. ஒவ்வொரு பாகத்தையும் இரண்டிரண்டு முறை வாசிப்பது பொதுவான வழக்கமாதலால் மொத்தம் 32 ஆவர்த்தங்கள். நடனத்துக்குரிய வேகத்தில் வாசித்தால் இவையனைத்தும் ஏறக்குறைய 35 வினாடிகளில் முடிந்துவிடும். ஆகவே ஒரு மெட்டை இரண்டு மூன்று தடவை சுற்றி வாசித்து, தாளம் சிறிதும் தளராமல் அடுத்த ரீலுக்குள் புகுந்து, அதிலிருந்து மூன்றாவதற்குச் செல்வது அவர்களுடைய சம்பிரதாயம். இவ்வளவு குறுகிய உருவத்துக்குள் வித்வத்தைக் காட்டுவதற்கு என்ன இடம் இருக்கிறது என்று நினைக்கத் தோன்றும். ஆனால் காகிதத்தில் எழுதப்படும் சுரக்குறிப்பு மெட்டின் போக்கை மட்டுமே சொல்லும். ஒரு சுரத்தின் தலைப்பில் மற்றொன்றைக் கணப்பொழுது தொட்டு விடுவதும், நெடிய சுரம் ஒன்றை அதற்கு மேலும் கீழும் உள்ள சுரங்களால் சுற்றி உருட்டுவதும், ஒன்று நிற்கவேண்டிய இடத்தில் மூன்றை நெருக்கி வைப்பதும், இவற்றையெல்லாம் எங்கே செய்வது, எங்கே செய்யாமல் விடுவது என்று அறிவதும் வாசிப்பவரின் மனோதர்மத்தைச் சேர்ந்தவை. நல்ல வித்வான் ஒருவர் ஒரே ரீலை மூன்று முறை வாசித்தால் மூன்று முறையும் அது வேறு வேறு முகம் காட்டும்.

‘ரேக்கிஷ் பாடி’யின் விசேஷம் அதன் முதல் சுரத்திலேயே வெளிப்படுகிறது. பல மெட்டுகள் தம் ஆதார ஷட்ஜத்தையோ அதற்கு இணக்கமான சுரத்தையோ பற்றிக்கொண்டு தொடங்க, இதுவோ மேல் ஷட்ஜத்துக்கு ஒரு படி கீழே, நம் கணக்கில் கைசிகி நிஷாதம் என்று சொல்லத்தக்க இடத்தில், அதுவே தன் வீடு என்பது போல ஊன்றி நின்று, கேட்பவர் அதையே ஆதாரமாக எண்ணத் தொடங்கும் சமயத்தில் ஷட்ஜத்தின் பக்கம் சாய்ந்து, மீண்டும் நிஷாதத்துக்குத் திரும்பி, இவ்விரண்டு தளங்களுக்கும் இடையே மாறி மாறி உலாவுகிறது. ஒரு சொற்றொடரை ஓர் ஆதாரத்தில் சொல்லி, அடுத்ததை ஒரு படி தள்ளிய ஆதாரத்தில் சொல்லும் இந்தப் போக்கு, ஸ்காட்லாந்தின் மலைநாட்டில் வழங்கும் பைப் என்னும் தோற்பை வாத்தியத்தின் சங்கீதத்துக்கு மிகவும் உரியது. இந்த ரீல் பிறந்த இடத்தை அறிவதற்கு அதன் அமைப்பே முதல் சாட்சியாக இருக்கிறது.

ரீல் என்ற வகையே ஸ்காட்லாந்திலிருந்து வந்ததுதான். அதைப் பற்றிய பழைய குறிப்புகளுள் ஒன்று மிகவும் துயரமான ஓர் ஏட்டில் இருக்கிறது. 1590-ஆம் ஆண்டை ஒட்டி அங்கே சூனியக்காரிகள் என்று குற்றம் சாட்டப்பட்ட பெண்களைச் சித்திரவதை செய்து விசாரித்தார்கள். கெய்லிஸ் டங்கன் என்ற பணிப்பெண், நார்த் பெரிக் என்னும் ஊர்த் தேவாலயத்தின் எதிரே மற்றவர்கள் ஆட, தான் முன்னே சென்று ஒரு ரீலை வாசித்ததாக ‘ஒப்புக்கொண்டாள்’ என்று 1591-இல் அச்சான ஒரு சிறு பிரசுரம் கூறுகிறது. அவள் வாசித்த வாத்தியம் நம்மவர் மோர்சிங் என்று சொல்வதன் இனத்தைச் சேர்ந்தது. இந்த விசாரணையில் தாமே அக்கறை கொண்டிருந்த ஆறாம் ஜேம்ஸ் மன்னர் அவளை வரவழைத்து, அதே மெட்டைத் தம் முன்னிலையில் வாசிக்கச் சொல்லிக் கேட்டார் என்றும் அதில் எழுதியிருக்கிறது. வேதனையால் வாய் திறக்கப்பட்ட அந்தப் பெண்ணின் மூலமாக ரீலின் பெயர் சரித்திரத்தில் இடம் பெற்றதை நினைக்கும்போது மனம் கனக்கிறது.

நம்முடைய மெட்டுக்கு ஸ்காட்லாந்தில் வழங்கிய பெயர் ‘கபர் ஃபே’. கலைமான் கொம்பு என்பது பொருள். கலைமானின் தலையைச் சின்னமாக உடைய மக்கென்ஸி குலத்தாருக்கு அது உரியது. அக்குலத்தின் கதையொன்றைச் சொல்லாமல் மேலே செல்ல எனக்கு மனம் வரவில்லை. 13-ஆம் நூற்றாண்டில் ஸ்காட்லாந்தை ஆண்ட மூன்றாம் அலெக்ஸாண்டர் வேட்டையாடிக்கொண்டிருந்தபோது சீற்றங்கொண்ட கலைமான் ஒன்று அவர்மீது பாய்ந்ததாம். காலின் ஃபிட்ஸ்ஜெரால்டு என்ற வீரன் குறுக்கே நின்று அதை வீழ்த்தி மன்னரைக் காத்தானாம். அவனே மக்கென்ஸிகளின் மூலபுருஷனாம். 1786-இல் பெஞ்சமின் வெஸ்ட் என்ற ஓவியர் இந்தக் காட்சியை மிகப் பெரிய சித்திரமாகத் தீட்டினார். சரித்திர ஆசிரியர்கள் இந்தக் கதையை ஏற்பதில்லை. எனினும் அந்தக் காலின் அயர்லாந்திலிருந்து வந்த பிரபு என்று கதை சொல்வது கவனிக்கத்தக்கது. தம் பெருமைக்கு ஆதாரம் தேடிய ஒரு ஸ்காத்துக் குலம், கடலுக்கு அப்பாலுள்ள அயர்லாந்தில் தன் வேரை வைத்துக்கொள்ள விரும்பியது என்றால், அவ்விரு நாடுகளும் ஒன்றையொன்று எவ்வளவு அண்மையாக எண்ணின என்பது விளங்கும்.

18-ஆம் நூற்றாண்டில் இந்த மெட்டுக்கு மக்கென்ஸிகளைப் புகழ்ந்தும் அவர்களுடைய பகைவரைப் பழித்தும் கேலிக் மொழியில் ஒரு பாட்டு வழங்கியது. பிடில்காரர்களுக்கென்று அச்சிட்ட தொகுதிகளிலும் மெட்டு இடம்பெற்றது. அக்குலத் தலைவர்கள் பிரிட்டிஷ் அரசாங்கத்துக்காகத் திரட்டிக் கொடுத்த படைகளிலிருந்து உருவான ஸீஃபோர்த் ஹைலாண்டர்ஸ் என்னும் சேனைக்கு அதுவே அணிவகுப்பு மெட்டாயிற்று. அச்சேனையின் பூர்வ சரித்திரத்தில் தமிழ்நாட்டுக்கும் ஓரிடம் உண்டு. 1778-இல் ஸீஃபோர்த் பிரபு திரட்டிய முதற்படை 1781-இல் கப்பலேறி ஏறக்குறைய பத்து மாதங்கள் கடலில் தத்தளித்து, பிரபுவையே வழியில் பறிகொடுத்து, இருநூறுக்கும் மேற்பட்ட வீரர்களை ஸ்கர்வி நோய்க்கு இரையாக்கி, 1782 ஏப்ரலில் சென்னையில் கரை சேர்ந்தது. மறு ஆண்டு கடலூரில் பிரெஞ்சுக்காரரோடு நடந்த போரிலும் அது கலந்துகொண்டது.

இனி, மெட்டு கடல் கடந்த விதத்தைப் பார்க்கலாம். ஸ்காட்லாந்துக்கும் அயர்லாந்துக்கும் நடுவேயுள்ள கடல், மிகக் குறுகிய இடத்தில், ஏறக்குறைய 20 கிலோமீட்டர் அகலமே உள்ளது. இரு கரையிலும் பேசப்பட்ட கேலிக் மொழிகள் ஒரு தாய் வயிற்றுச் சகோதரிகள். டோனிகால் முதலிய வட ஜில்லாக்களின் ஏழைகள் ஆண்டுதோறும் அறுவடைக் காலத்தில் கூலி வேலைக்காக ஸ்காட்லாந்துக்குச் சென்று திரும்புவது வழக்கம்; கூலிக் காசோடு மெட்டுகளையும் அவர்கள் கொண்டுவந்தார்கள். நடன ஆசிரியர்களின் பங்கும் பெரிது. 1776 முதல் சில ஆண்டுகள் அயர்லாந்தைச் சுற்றிப் பார்த்த ஆர்தர் யங் என்ற ஆங்கிலேயர், நடன ஆசிரியர்கள் ஒரு பைப்காரரையோ கண் பார்வையற்ற பிடில்காரரையோ உடன் அழைத்துக்கொண்டு குடிசை குடிசையாகச் சென்று கற்பித்தார்கள் என்றும், மூன்று மாதத்துக்கு ஆறு பென்ஸ் அவர்களுடைய சம்பளம் என்றும் எழுதியிருக்கிறார். வறுமையில் வாழ்ந்துகொண்டு, அந்த ஆறு பென்ஸைத் தம் குழந்தைகளின் நடனத்துக்காக எடுத்து வைத்த மக்களை நாம் வணங்க வேண்டும். அந்த ஆசிரியர்களுக்குப் புதிய மெட்டுகள் ஓயாமல் வேண்டியிருந்தன. அந்த நூற்றாண்டின் பிற்பகுதியில் ஸ்காத்து ரீல்கள் அயர்லாந்தில் வேரூன்றின. ‘கபர் ஃபே’யும் அவ்வாறு வந்து, குலப் பெருமையையும் போர்க் கோலத்தையும் கழற்றி வைத்துவிட்டு, உல்லாசமாகத் திரியும் ஓர் ஐரிஷ் இளைஞனின் பெயரைத் தாங்கிக்கொண்டது.

பெயரைக் காட்டிலும் முக்கியமான மாறுதல் அதன் நடையில் நேர்ந்தது. அதற்குக் காரணம் வாத்தியம். ஸ்காத்து மலைநாட்டுப் பைப் வாயால் ஊதப்படுவது. போர்க்களத்துக்கு ஏற்ற கம்பீர நாதம் உடையது. ஒன்பது சுரங்களே அதில் உண்டு. ஊதத் தொடங்கினால் ஒலி இடையில் அறாது. அயர்லாந்தில் 18-ஆம் நூற்றாண்டு தொடங்கி அபிவிருத்தி அடைந்த இல்லன் பைப்போ உட்கார்ந்து வாசிப்பதற்கு உரியது. வலது முழங்கையால் ஒரு துருத்தியை அசைத்து, இடது முழங்கையின் கீழுள்ள தோற்பையில் காற்றை நிரப்பி, இரண்டு ஸ்தாயிகளிலும் சஞ்சரிக்கக் கூடிய குழலை இரு கை விரல்களால் வாசிக்க வேண்டும். குழலின் அடிவாயைத் தொடைமேல் அழுத்தி மூடினால் ஒலியைக் கணத்தில் நிறுத்தலாம். சுருதி கூட்டும் குழல்கள் மூன்று ஓயாமல் ஒலித்துக்கொண்டிருக்க, அவற்றின் பக்கத்தில் கிடக்கும் வேறு மூன்று குழல்களின் சாவிகளை மணிக்கட்டின் விளிம்பால் தட்டி, மெட்டின் நடுவே பல சுரங்கள் சேர்ந்த முழக்கத்தை எழுப்பலாம். நாம் முன்பு சொன்ன அந்த நிஷாதம் இந்தக் குழலில் மிகவும் நெகிழ்ச்சியானது. விரல் வைக்கும் முறையை மாற்றி அதை வழுக்கவும், குழைக்கவும், கேட்பவர் நெஞ்சை வருடும்படி இழுக்கவும் முடியும். படையினரின் நடைக்குத் தாளமாக இருந்த ஒரு சுரம் அயர்லாந்தில் பேசத் தொடங்கியது என்றே சொல்ல வேண்டும். ஒரு மெட்டை ஒரு தேசத்தார் தம்முடையதாக ஆக்கிக்கொள்வது இப்படித்தான் நிகழ்கிறது என்பது என் அபிப்பிராயம். பிறப்பைக் காட்டி அதை மறுப்பவர்கள் சங்கீதத்தின் சுபாவத்தை அறியாதவர்கள்.

மறுத்தவர்களும் இருந்தார்கள். ஐரிஷ் மொழியையும் கலாசாரத்தையும் புதுப்பிக்க வேண்டுமென்று 1893-இல் தோன்றிய கேலிக் லீக், நாட்டு நடனங்களுள் எவை சுதேசம், எவை அந்நியம் என்று பிரித்துப் பார்க்க முற்பட்டது. பிரெஞ்சு தேசத்துச் சதுர நடனங்களிலிருந்து கிளைத்தவை என்ற காரணத்தால், கிராமத்தார் பல தலைமுறைகளாக ஆடி வந்த, பல ஜோடிகள் சேர்ந்து ஆடும் ‘செட்’ நடனங்கள் அந்நியம் என்று ஒதுக்கப்பட்டன; ஸ்காட்லாந்திலிருந்து வந்த ரீலோ சுதேசிச் சொத்தாக ஏற்கப்பட்டது. தேச பக்தி மிகுந்த அப்பெரியோர்களின் நோக்கத்தை நான் குறை கூறவில்லை. ஆனால் இத்தகைய பிரிவினையில் நியாயம் எப்போதும் கோணலாகவே விழும்.

இந்த விவாதங்களுக்கெல்லாம் முன்பே இச்சங்கீதத்துக்குப் பேராபத்து நேர்ந்திருந்தது. 1845 முதல் 1849 வரை உருளைக்கிழங்குப் பயிர் அழுகியதால் நேர்ந்த மகா பஞ்சத்தில் ஏறக்குறைய பத்து லட்சம் பேர் மாண்டார்கள்; அதற்கும் மேற்பட்டவர்கள் கப்பலேறினார்கள். ஆட வீடில்லை, வாசிக்க ஆளில்லை என்னும்படி பல ஊர்கள் பாழாயின. அந்தப் பஞ்சத்தின் நடுவே 1848-இல், கார்க் ஜில்லாவில் பான்ட்ரிக்கு அருகே ட்ராலிபேன் என்ற இடத்தில் பிறந்த பிரான்சிஸ் ஓநீல் என்பவருக்கு இச்சங்கீதம் பட்ட கடன் அளவிடற்கரியது. பதினாறு வயதில் அவர் கப்பல் வேலைக்குப் போனார். பசிபிக் மாகடலில் கப்பல் உடைந்து ஒரு தீவில் ஒதுங்கிய அவரையும் தோழர்களையும் ஹவாய்த் தீவினர் இயக்கிய ஒரு கப்பல் ஏற்றிக்கொண்டது. உணவு மிகவும் தட்டுப்பாடு. அவர்களுள் ஒரு மாலுமி வைத்திருந்த புல்லாங்குழலை வாங்கி ஓநீல் தம் ஊர் மெட்டுகளை வாசிக்க, மனமுருகிய அந்த மாலுமி தன் பங்கு உணவை அவருக்கும் பகிர்ந்து கொடுத்தானாம். பின்பு சிகாகோவில் 1873-இல் போலீஸில் சேர்ந்து, சேர்ந்த சிறிது காலத்திலேயே ஒரு திருடனின் குண்டைத் தாங்கி, அது முதுகெலும்பருகே தங்கிவிட்ட நிலையிலும் உழைத்து, 1901-இல் அந்நகரப் போலீஸின் தலைமை அதிகாரியாக உயர்ந்தார். சிறு வயதில் கேட்ட நூற்றுக்கணக்கான மெட்டுகள் அவர் நெஞ்சில் இருந்தன. ஆனால் அவற்றைச் சுரப்படுத்தி எழுத அவருக்கு வராது. அவர் பாட, அவர் குடும்பப் பெயரையே உடைய ஜேம்ஸ் ஓநீல் என்ற பிடில்காரர் எழுதினார். குடியேறிய பைப்காரர்களையும் பிடில்காரர்களையும் தேடித் தேடிக் கேட்டு, 1903-இல் 1,850 மெட்டுகள் கொண்ட பெருந்தொகுதியையும், 1907-இல் நடன மெட்டுகள் மட்டும் 1,001 கொண்ட மற்றொன்றையும் வெளியிட்டார். ‘ரேக்கிஷ் பாடி’ இரண்டாவதில் இருக்கிறது. அயர்லாந்தின் கிராமங்களில் அப்புத்தகத்தைச் சாதாரணமாக ‘அந்தப் புத்தகம்’ என்றே சொல்வார்கள்.

பின்னர் இசைத்தட்டுகள் வந்தன. ஸ்லைகோ ஜில்லாவிலிருந்து 1914-இல் அமெரிக்கா சென்ற மைக்கேல் கோல்மன், 1921 முதல் நியூயார்க்கில் பதிவு செய்த பிடில் தட்டுகள் அயர்லாந்துக்குத் திரும்பி வந்தபோது, ஊருக்கு ஊர் வேறுபட்டிருந்த நடைகளைக் கைவிட்டுப் பலர் அவருடைய ஸ்லைகோ நடையையே பின்பற்றலாயினர். கோல்மனின் மேதையில் எனக்குச் சந்தேகம் இல்லை. எனினும் இசைத்தட்டு தந்த லாபத்தோடு நஷ்டமும் கலந்திருந்தது.

‘ரேக்கிஷ் பாடி’ தன் பூரண சோபையை அடைந்தது ஜானி டோரன் கையில் என்று நான் கருதுகிறேன். 1908-இல் விக்லோ ஜில்லாவில் ராத்நியூ என்ற ஊரில் பிறந்த அவர், அயர்லாந்தில் நிலையான வீடின்றி வண்டிகளில் ஊர் ஊராகச் செல்லும் நாடோடிச் சமூகத்தைச் சேர்ந்தவர். அவர் மூதாதையான ஜான் காஷ் என்ற பைப் வித்வானைப் பற்றி ஓநீலே 1913-இல் தம் நூலொன்றில் எழுதியிருக்கிறார். குதிரை பூட்டிய கூண்டு வண்டியில் மனைவி மக்களோடு பிரயாணம் செய்து, சந்தைகளிலும் குதிரைப் பந்தயத் திடல்களிலும், ஒரு காலைப் பெட்டிமேல் ஊன்றி நின்றபடியே, உட்கார்ந்து வாசிக்க வேண்டிய அந்த வாத்தியத்தை வாசித்து ஜீவனம் செய்தார். ஊரார் வாசற்படியில் ஏற்றத் தயங்கிய ஒரு சமூகம் அந்தத் தேசத்தின் மிகப் பெரிய கலைச் செல்வங்களுள் ஒன்றைக் காத்து வைத்திருந்தது.

அவருடைய நாதத்தைக் கேட்கும் பாக்கியம் நமக்குக் கிடைத்திருப்பதற்கு ஒரு நண்பரின் முன்யோசனையே காரணம். டப்ளினில் கடை வைத்திருந்த கிளேர் ஜில்லாப் பிடில்காரர் ஜான் கெல்லி, டோரனின் உடல்நிலை தளர்வதைக் கண்டு வற்புறுத்தியதன் பேரில், 1947-இல் ஐரிஷ் நாட்டார் வழக்காற்று ஆணையத்தார் அவர் வாசிப்பை இசைத்தட்டுகளில் பதிவு செய்தனர். எல்லாம் சேர்ந்து ஒரு மணி நேரங்கூட இல்லை. அவற்றுள் ‘ரேக்கிஷ் பாடி’யும் ஒன்று. அந்த நிஷாதத்தில் அவர் இறங்கி நிற்கும் விதத்தையும், ஒவ்வொரு சுற்றிலும் மெட்டைப் பிரித்து வேறு விதமாகச் சேர்ப்பதையும், சாவிகளைத் தட்டி அடியிலிருந்து முழக்கம் எழுப்பி மெட்டை முன்னே தள்ளுவதையும் கேட்கும்போது, இது இரவல் வாங்கிய மெட்டு என்ற எண்ணமே எழுவதில்லை. அடுத்த ஆண்டு ஜனவரியில், டப்ளினில் நிறுத்தி வைத்திருந்த அவருடைய வண்டியின்மீது பெருங்காற்றில் ஒரு சுவர் இடிந்து விழுந்தது. இடுப்புக்குக் கீழே செயலற்றுப் போன அவர், 1950-இல் ஆதை என்ற ஊரின் மருத்துவமனையில் காலமானார்.

1936-இல் மில்டவுன் மால்பே என்ற ஊரின் பந்தயத் திடலில் டோரனின் வாசிப்பைக் கேட்டு மனம் பறிகொடுத்த வில்லி கிளான்ஸி என்ற இளைஞர் பின்னாளில் பெரும் பைப் வித்வானார். அவர் மறைந்த 1973-ஆம் ஆண்டிலேயே அவர் பெயரால் அவ்வூரில் தொடங்கிய கோடைகாலப் பள்ளிக்கு இன்றும் பல தேசத்து மாணவர்கள் வருகிறார்கள். அருகிப் போன இல்லன் பைப்பைக் காப்பதற்காக 1968-இல் வித்வான்கள் ஒரு சங்கம் அமைத்தனர். 2017-இல் யுனெஸ்கோ அக்கலையை மனித குலத்தின் பாரம்பரியச் செல்வங்களுள் ஒன்றாக ஏற்றது. இதற்கிடையே 1969-இல் ஃபேர்போர்ட் கன்வென்ஷன் என்ற ஆங்கிலேயக் குழுவினர் மின்சாரக் கிதாரோடும் டிரம்ஸோடும் ‘ரேக்கிஷ் பாடி’யை இசைத்தட்டில் வாசித்தார்கள். அந்த வாசிப்பில் எனக்கு டோரனின் நயம் கிடைக்கவில்லை. ஆனால் மெட்டு அதையும் தாங்கிக்கொண்டது.

சங்கீதத்தில் பற்றுள்ள வாசகர்கள் ஸ்காத்துப் படைப் பைப்பில் வாசிக்கும் ‘கபர் ஃபே’யை முதலில் ஒரு முறை கேட்டுவிட்டு, உடனே டோரனின் ‘ரேக்கிஷ் பாடி’யைத் தேடிக் கேட்க வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறேன். இரண்டும் சேர்ந்து சில நிமிஷங்களே ஆகும். முதல் தடவையில் வேகத்தைத் தவிர வேறொன்றும் பிடிபடாமல் போனால், சலிப்படையாமல் இரண்டாம் தடவையும் கேளுங்கள்.